புகைக்கொட்டகைக் குறளி

மேல்மலைத் தோட்டம், பாலிங், கெடா, மலாயா
6.6.1943

அக்கா,

நலமா என்று கேட்டு நாலு வரி எழுத நேரமில்லை. உயிரோடு இருக்கிறேன். பிச்சை அண்ணன் மாட்டு வண்டியில் நீ கொடுத்தனுப்பிய கருவாடு வந்து சேர்ந்தது.

எனக்கு ஒரு சொல்லுக்குப் பொருள் வேண்டும். குறளி. அதன் வேர் என்ன, எங்கிருந்து வந்தது, பழைய ஆட்கள் எதை அப்படிச் சொன்னார்கள் என்று எழுது. உன் வீட்டுக்காரர் சொல் சேர்த்து எழுதி வைத்த நோட்டுகள் உன்னிடம்தானே கிடக்கின்றன? சித்திரையில் பெண்டாட்டியை விட்டு ஓடிப்போன வாத்தியார் அதையாவது விட்டுப் போனார்.

காரணம் இதுதான். எங்கள் ரப்பர் ஆலை ஸ்டோருக்குப் பின்னால் ரப்பர் சீட்டுகளைக் காயப் போடும் புகைக்கொட்டகை இருக்கிறதல்லவா, ஜப்பான்காரன் வந்ததிலிருந்து அது அணைந்து கிடக்கிறது. அதில் குறளி புகுந்துவிட்டதாம். போன மாதத்திலிருந்து லயத்து வீடுகள் முழுக்க இதே பேச்சு. பாத்திரம் உருள்கிறது, ஓட்டின் மேல் கல் விழுகிறது, மூடி வைத்த மரவள்ளி காணாமல் போகிறது. ரப்பர் பால் வெட்டப் போகிற காளியம்மா தலைமையில் பெண்கள் ஒரு வழக்கமே ஆரம்பித்துவிட்டார்கள். உலை வைக்கும்போது ஆளுக்கு ஒரு பிடி ஒதுக்கி, வாழை இலையில் கட்டி, கொட்டகை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டுமாம். இங்கே பிள்ளைகளின் முழங்காலைப் பார்த்தால் உனக்குத் தெரியும், எவ்வளவு தின்கிறார்கள் என்று. அதிலிருந்து ஒரு பிடி பேய்க்கு!

நான் சொல்லிப் பார்த்தேன். காளியம்மா சிரிக்கிறாள். "இஞ்சினு படிச்ச தம்பிக்குக் குறளிகிட்ட என்னாலா வேல? நீ ஒன் எண்ணெய் டப்பாவப் பாரு" என்கிறாள்.

ஒரு சாமான் ஓடவில்லை என்றால் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். சொல்லும் அப்படித்தான் இருக்க வேண்டும். கழற்றி அனுப்பு. காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் படித்துக் காட்டி இந்தக் கூத்தை முடிக்கிறேன்.

பரஞ்சோதி


யான், கெடா
17.6.1943

தம்பி பரஞ்சோதிக்கு இராசாத்தி அக்கா எழுதுவது.

உன் கடிதத்தைப் பிச்சை அண்ணன் நாலு நாள் பிந்திக் கொண்டுவந்தார். வழியில் பாலத்துக் காவலில் வண்டியை நிறுத்தி மூட்டையெல்லாம் குத்திப் பார்க்கிறார்களாம். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறானாம். உன் கடிதத்தையும் பிரித்துப் படித்துவிட்டுச் சிரித்தானாம். ஆகவே நீ எழுதுவதை இரண்டு பேர் படிக்கிறோம் என்று வைத்துக்கொண்டு எழுது. நானும் அப்படித்தான் எழுதுகிறேன்.

உன் மச்சானைப் பற்றி நீ எழுதிய வரியை ஒரு தடவைக்கு மேல் படிக்கவில்லை.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். குறளிக்கு அவர் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறார். குறள் என்றால் குட்டை. குறுகியது. குள்ளமாகப் பிறந்தவனைக் குறளன் என்றார்கள். குறளி என்பது குறுகிய உருவமுள்ள சிறு பூதம். சிவனைச் சுற்றி ஆடிப் பாடிக்கொண்டு போகும் கூட்டத்தில் ஒன்று. ஊரில் பழைய கோயில்களில் கூரை விளிம்புக்குக் கீழே வரிசையாகக் குள்ளப் பூதங்களைச் செதுக்கியிருப்பார்களாம். தொப்பையும் குட்டைக் கையுமாக, சில சிரித்துக்கொண்டு, சில மேளம் அடித்துக்கொண்டு, சில கூரையின் பாரத்தைக் கையால் தாங்கிக்கொண்டு. அவற்றைக் கெட்டவை என்று அவர் எங்கும் எழுதவில்லை. பின்னால்தான் மாயவித்தை காட்டுகிறவர்கள், "என்னிடம் குறளி இருக்கிறது, ஏவினால் எதையும் எடுத்துக்கொண்டு வரும்" என்று சொல்லிப் பிழைத்தார்கள். எடுத்து வரும் என்றதும், வீட்டில் எது காணாமல் போனாலும் பழி அதன் தலையில் விழுந்தது. அவர் கீழே சின்னதாக எழுதியிருக்கிறார்: "பாரம் தாங்கியதைத் திருடன் ஆக்கினோம்."

இதைப் பிரட்டுக் களத்தில் படிக்க வேண்டாம், தம்பி. உனக்குள் வைத்துக்கொள். ஒரு பிடி கஞ்சியில் யார் குடியும் கெடாது. கொடுக்கிறவர்களே கொடுக்கும்போது உனக்கு ஏன் வலிக்கிறது? இந்தத் தடவை அனுப்பும் கருவாட்டில் இரண்டு துண்டை நீயும் கொண்டுபோய் அங்கே வை. அக்கா சொன்னேன் என்று வை.

இராசாத்தி


மேல்மலைத் தோட்டம்
28.6.1943

அக்கா,

கருவாட்டை நான் தின்றேன். இரண்டு துண்டையும் சேர்த்துத்தான். நீயாவது படித்தவள் என்று நினைத்தேன்.

உன் விளக்கம் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத் தேவையானது அதில் இருக்கிறது. குறளி என்றால் குட்டையானது, அவ்வளவே. மீதி எல்லாம் கல்தச்சனும் வித்தைக்காரனும் ஒட்டியது. ஞாயிற்றுக்கிழமை பிரட்டில் நின்று படித்தேன். காளியம்மா மட்டும், "இவ்ளோ தெரிஞ்ச தம்பிக்கு, பசிச்சா என்னா செய்யும்னு தெரியல பாரு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். யாருக்குப் பசி என்று கேட்டேன். "கொறளிக்குத்தான்லா" என்றாள். மறுபடியும் சிரிப்பு. ஆபீஸ் கணக்குப் பார்க்கும் பெரிய கிராணியும் அங்கே நின்றார். அவர் சிரிக்கவில்லை.

ஒன்று கவனித்தேன். நான் லயத்துப் பக்கம் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. ஜப்பான்காரன் தங்கும் பங்களாவுக்கு விளக்கு எரிய நான்தான் இஞ்சின் ஓட்டுகிறேன், அதனால் நான் பங்களா ஆளாம். ஓட்டாவிட்டால் என்னை விடுவார்களா என்று யாரும் யோசிப்பதில்லை.

இன்னொரு செய்தி. என்னோடு இஞ்சின் வேலை பார்த்த முருகையாவை, ஜப்பான்காரன் போடும் சியாம் ரயில் பாதை வேலைக்கு ஏற்றிவிட்டார்கள். அவன் பெயர் பட்டியலில் இல்லவே இல்லை. பெயர் இருந்தவன் காட்டுக்குள் ஓடிவிட்டான், லாரிக்கு ஒரு ஆள் குறைந்தது, வாசலில் நின்ற முருகையாவைப் பிடித்துத் தள்ளினார்கள். கையில் ஸ்பேனரோடு போனான். ஓடுகிற ஒவ்வொருத்தனுக்கும் பதிலாக இன்னொருத்தன் போகிறான். அந்த மாதிரி ஆள் என் கையில் கிடைத்தால் கழுத்தைப் பிடித்து நானே கொண்டுபோய் விடுவேன் என்று அன்றைக்கே எல்லார் முன்னாலும் சொன்னேன். இப்போதும் சொல்கிறேன். பாலத்தில் உட்கார்ந்திருக்கிறவனும் படிக்கட்டும்.

குறளி விஷயத்தில் ஒரு முன்னேற்றம். நேற்றுச் சாயங்காலம் கொட்டகைச் சுவர் ஓரமாகப் போனபோது உள்ளே இருமல் கேட்டது. பேய் இருமுமா?

பரஞ்சோதி


யான்
9.7.1943

தம்பிக்கு,

எத்தனை நாளாக இருமல்? வறட்டு இருமலா, சளியோடா? இருமி முடித்ததும் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டதா? நீ கவனித்திருப்பாய், எதையும் கவனிக்கிற பிள்ளை நீ. உடனே எழுது.

அங்கே மழை என்று பிச்சை அண்ணன் சொன்னார். உனக்கும் சளி பிடித்துவிடும். ஆடாதோடை இலையும் மிளகும் போட்டுக் காய்ச்சி ஒரு போத்தலில் அனுப்பியிருக்கிறேன். பாதி உனக்கு. மீதிப் பாதியைக் காளியம்மாவிடம் கொடு. அவளுக்கு என்னைத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் நான் உன்னோடு அங்கே இருந்தபோது எனக்குத் தலை சீவிவிட்டவள். எதற்கென்று அவளிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். கொடுத்தால் போதும்.

முருகையாவை நினைத்தால் வயிறு எரிகிறது. அவன் அம்மா என்ன செய்கிறாள்? ஆனால் தம்பி, முருகையாவைத் தள்ளிய கை ஓடினவனுடையது இல்லை. இதற்கு மேல் எழுத எனக்குத் தைரியம் இல்லை. நீ பதினைந்து வயதில் கோலாலம்பூர் தொழிற்பள்ளிக்குப் போக அடம் பிடித்தபோது, கட்ட வேண்டியதைக் கட்டி, ரயிலேற்றிவிட்டு, "அவன் வாய்தான் கடுப்பு, மனசு இல்லை" என்று என்னிடம் சொன்னவர் யார் என்று யோசித்துப் பார். பாக்கார் ஆராங்கில் நாங்கள் குடியிருந்த தோட்டப் பள்ளிக்கூடத்து வீட்டில் நீ விடுமுறைக்கு வந்தால் கட்டிலை உனக்குக் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் படுத்தவர் யார் என்றும் யோசி. அவர் பெயரை நான் எழுதுவதில்லை. பெண்டாட்டி எழுதக் கூடாது என்பதற்காக மட்டும் இல்லை.

கொட்டகைப் பக்கம் போகாதே. அது உன் வேலை இல்லை. உன் வேலை இஞ்சின்.

இராசாத்தி


மேல்மலைத் தோட்டம்
20.7.1943

அக்கா,

இனிமேல் அது என் வேலைதான். ஜப்பான்காரனுக்குப் புகை போட்ட சீட்டு வேண்டுமாம். ஆகஸ்டு முதல் தேதி கொட்டகையைப் பற்ற வைக்க வேண்டும் என்று ஆர்டர் வந்துவிட்டது. சீட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போக ஒருத்தரும் தயாராக இல்லை. குறளி அடிக்குமாம். நான் ஒரே நாளில் தீர்க்கிறேன் என்று கிராணியிடம் சொல்லியிருக்கிறேன்.

உள்ளே இருப்பது திருடன். எனக்குச் சந்தேகமே இல்லை. வாசலில் சாம்பலைத் தூவி வைத்தேன், காலையில் மனிதக் கால் தடம். குட்டையும் இல்லை, முழுசாக வளர்ந்த ஆம்பிளைக் கால். உன் நோட்டுக்கு இதுதான் பதில்.

முறை மிகவும் எளிது. அடுப்புக்குழி வெளியே இருக்கிறது. புகை தரைக்கு அடியில் ஓடி, உள்ளே ஏறி, பரண் பரணாக மேலே போய், கூரை ஜன்னல் வழியாக வெளியேறும். ஜன்னல்களுக்குக் கயிறு வெளியிலிருந்துதான். நான் முதலில் ஜன்னலைச் சாத்துவேன். பிறகு பச்சை ரப்பர் கட்டையைப் போட்டுப் பற்ற வைப்பேன். இருபது நிமிஷத்துக்கு மேல் யாராலும் உள்ளே இருக்க முடியாது. சண்டை இல்லை, கத்தி இல்லை. தானாக இறங்கி வருவான். லயத்து ஆட்கள் எல்லாரையும் வரச் சொல்லியிருக்கிறேன். கண்ணால் பார்த்தால்தான் இவர்களுக்குப் புத்தி வரும். ஜப்பான்காரனும் வருகிறான்.

நேற்று காளியம்மா இஞ்சின் அறைக்கே வந்துவிட்டாள். சிரிப்பெல்லாம் போய்விட்டது. காலில் விழுந்தாள். "ரெண்டு நாளு குடுலா தம்பி. நாங்களே கொறளிய மலையேத்தி விட்டுர்றோம். ஒனக்குப் புண்ணியமாப் போவும்" என்றாள். எதற்கு ரெண்டு நாள், யாரை மலையேற்றப் போகிறாய் என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்விட்டாள். திருடனுக்கு லயமே உடந்தை என்று அப்போதுதான் புரிந்தது. இதை வேடிக்கையாகக் கிராணியிடம் சொன்னேன். அவர் அன்றைக்கே கொட்டகையைச் சுற்றி நாலு ஆளைக் காவல் போட்டுவிட்டார்.

போத்தலைக் காளியம்மாவுக்குக் கொடுக்க மறந்தேன். நானே குடித்துவிட்டேன். கசப்பு.

பரஞ்சோதி


யான்
27.7.1943

தம்பி,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. பிச்சை அண்ணனை மாடு அவிழ்க்க விடாமல் அப்படியே திருப்பி அனுப்புகிறேன்.

கடிதத்தில் எழுத முடியாத ஒன்றை அவரிடம் வாயால் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர் வந்ததும் இஞ்சினை நிறுத்து. கையைத் துடைத்துக்கொண்டு கீழே உட்கார். அவர் மெதுவாகத்தான் பேசுவார், திக்குவாய். குறுக்கே பேசாமல் கடைசி வரை கேள். இதற்கு முன்னால் நான் உன்னிடம் எதையும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

கேட்கும் வரை எதையும் பற்ற வைக்காதே.

இராசாத்தி


மேல்மலைத் தோட்டம்
3.8.1943

அக்கா,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். பாலத்தில் காட்டாமல் பிச்சை அண்ணன் மடியில் மறைத்துக் கொண்டுவருவார். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியாது.

பிச்சை அண்ணன் முதல் தேதி காலை எட்டரை மணிக்கு வந்தார். நான் அடுப்புக்குழியில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். உன் கடிதத்தைக் கொடுத்தார். கையெல்லாம் கரி, சட்டைப் பையில் வைக்கச் சொன்னேன். "த... தம்பி, அக்கா ஒரு வார்த்தை சொல்லச் சொன்னுச்சு. செத்த அந்தாண்ட வா" என்றார். பக்கத்தில் கிராணி. பத்து மணிக்கு ஜப்பான்காரன் வருகிறான். "இப்ப நேரமில்ல அண்ணே, முடியட்டும்" என்றேன். அவர் என் கையைப் பிடித்தார். உதறினேன். கிராணி காவல் ஆட்களிடம் அவரை வண்டிப் பக்கம் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். அவர் போகும்போது என்னமோ கத்தினார். வார்த்தை வரவில்லை. வாய் மட்டும் கோணிக்கொண்டு அசைந்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

கூரை ஜன்னல்களை நான்தான் கயிறு இழுத்துச் சாத்தினேன். பத்து மணிக்கு நான்தான் பற்ற வைத்தேன். நன்றாகப் பிடித்தது.

லயத்து ஆட்கள் எல்லாரும் நின்றார்கள். பதினெட்டாவது நிமிஷம் கதவு திறந்தது. முதலில் வந்தவனை எனக்குத் தெரியாது. இரண்டாவது ஆளையும் தெரியாது. இரண்டு பேரும் தரையில் விழுந்து இருமினார்கள். மூன்றாவதாக ஒருவர் வேட்டி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். தாடி. நெஞ்சு எலும்பை எண்ணலாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஜப்பான்காரன் ஏதோ கேட்டான். கிராணி தமிழில் சொன்னார்: "யார்யா ஒனக்குச் சோறு போட்டது? இங்க ஒன் ஆளு யாரு? சொல்லிட்டா அடி இல்ல." அறை விழுந்தது. மச்சான் கூட்டத்தைப் பார்த்தார். காளியம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எனக்கு இங்க யாரையும் தெரியாது. நாங்களாத்தான் எடுத்துத் தின்னோம்" என்றார். என்னைச் சுட்டிக் கிராணி கேட்டார்: "இந்த இஞ்சின்காரத் தம்பிய?" "இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார்.

மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்கிறவன் என்று எல்லாரும் என்னைச் சொல்வார்கள். நான் வாயைத் திறக்கவில்லை, அக்கா. அவரை ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பும் வரை திறக்கவில்லை.

உன் கடிதத்தை அதற்குப் பிறகுதான் படித்தேன்.

கிராணி எனக்கு இனாமாக ஒரு மூட்டை அரிசி கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போனேன். ஒவ்வொரு வாசலாகப் போனேன். யாரும் கதவைச் சாத்தவில்லை, திட்டவும் இல்லை. நான் அங்கே நிற்பதே தெரியாத மாதிரி வேலையைப் பார்த்தார்கள். மூட்டை இஞ்சின் அறையில் கிடக்கிறது.

பரஞ்சோதி


யான்
14.8.1943

பிச்சை அண்ணன் சொன்னதும் உன் கடிதமும் ஒன்றாகத்தான் இருந்தன. இதையும் அவர் மடியில்தான் மறைத்துக் கொண்டுவருகிறார்.

ரயில் பாதைப் பட்டியலில் பெயர் வந்ததும் நான்தான் அவரை அங்கே அனுப்பினேன். நீ அங்கே இருக்கிறாய், அந்த மலையில் காளியம்மா இருக்கிறாள், பத்திரமாக இருக்கும் என்று அனுப்பினேன். உன்னிடம் சொல்லலாமா என்று கேட்டேன். அவர்தான் வேண்டாம் என்றார். உனக்குப் பொய் சொல்ல வராது, கேட்டால் உண்மையைச் சொல்லிவிட்டு அடி வாங்குவாய், பிள்ளைக்கு ஏன் அந்தப் பாரம் என்றார். ஊரார் கேட்டால் குறளி என்று சொல்லச் சொல்லலாம் என்றதும் அவர்தான். சொல்லும்போது சிரித்தார்.

இருமல் எப்படி இருந்தது என்று நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவே இல்லை.

அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. கிடைத்தால் பிச்சை அண்ணனிடம் கொடு. வேறு ஒன்றும் எழுத வேண்டாம். இனிமேல் எழுதவே வேண்டாம்.


மேல்மலைத் தோட்டம்
21.11.1943

அக்கா,

எழுத வேண்டாம் என்றாய். நோட்டைப் பற்றி நீ கேட்டதால் எழுதுகிறேன்.

நோட்டைக் கிராணி அன்றைக்கே அடுப்புக்குழியில் போட்டுவிட்டார். பிறகு நான் பரண்களையெல்லாம் கழற்றித் தேடினேன். மேல் பரணில், சீட்டு தொங்கவிடும் கழிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு துண்டு செருகியிருந்தது. பழைய ஸ்டோர் கணக்குத் தாளின் பின்பக்கம், கரியால் எழுதியது. அதை இத்துடன் வைத்திருக்கிறேன். பாலத்தில் பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வது என்று இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"குறளி: குறுகிய உருவம் உடையது. கொடுத்ததை உண்ணும். ஓசைப்படாது. மேல்மலைத் தோட்டத்து வழக்கில், பெயர் சொல்லக் கூடாத விருந்தாளி."

சுங்கைப் பட்டாணி ஸ்டேஷனுக்கு இரண்டு தடவை போனேன். ஆகஸ்டில் போன ஆட்களைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. இரண்டாம் தடவை, என்னையும் ஏற்றுங்கள், நானாக வருகிறேன் என்றேன். என் தாளைப் பார்த்துவிட்டு, இஞ்சின்காரன் போகக் கூடாது, தோட்டத்துக்கு வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். போக மாட்டேன் என்றவர்களைக் கட்டித் தூக்கிக்கொண்டிருந்தார்கள், அதே இடத்தில்.

கெடாவையே ஜப்பான்காரன் சியாமுக்குக் கொடுத்துவிட்டானாம். கொடி மாறிவிட்டது. ஆள் பிடிக்கும் லாரி மாறவில்லை.

போன மாதம் எனக்கு மலேரியா. ஆறு நாள் இஞ்சின் அறையில் கிடந்தேன். யாரும் உள்ளே வரவில்லை. ஆனால் தினமும் வாசலில் வாழை இலையில் கட்டின ஒரு பிடி மரவள்ளி இருந்தது. வைத்தது யார் என்று தெரியாது. நான் தலையைத் தூக்குவதற்குள் போய்விடுவார்கள். திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அதைத் தின்றேன், அக்கா.

பரஞ்சோதி


மேல்மலைத் தோட்டம்
10.2.1946

அக்கா,

சண்டை முடிந்து ஆறு மாதம் ஆகிறது. நீ யானில்தான் இருக்கிறாய் என்று பிச்சை அண்ணன் சொன்னார். அவர் என்னிடம் அவ்வளவுதான் பேசுவார்.

முருகையா வந்துவிட்டான். வலது கால் முழங்காலோடு இல்லை. இந்தத் தோட்டத்திலிருந்து போன முப்பத்தொரு பேரில் அவனும் இன்னும் மூன்று பேரும்தான். கேட்காமல் இருக்க முடியவில்லை. கேட்டேன்.

மழைக்காலத்தில் ஒரு முகாமில் மச்சானைப் பார்த்தானாம். மண் கூடை தூக்கிக்கொண்டிருந்தாராம். பாலிங் பக்கம் என்று கேள்விப்பட்டு, "எங்க தோட்டத்து இஞ்சின்காரரு பரஞ்சோதியத் தெரியுமா வாத்தியாரே?" என்று இவன் பேச்சுக் கொடுத்திருக்கிறான். "தெரியாதே" என்றாராம். அங்கே யார் காதுக்குப் போய் எனக்கு என்ன ஆகுமோ என்று அங்கேயும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். பிறகு அந்த முகாமில் காலரா. இவனை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு பார்க்கவில்லை என்றான். இருமிக்கொண்டிருந்தாரா என்று கேட்டேன். "எல்லாருந்தான்டா இருமுனோம்" என்றான்.

செத்தார் என்று சொல்ல யாரும் இல்லை. இருக்கிறார் என்று சொல்லவும் யாரும் இல்லை. எனக்கு எதையும் சரிபார்க்காமல் எழுதத் தெரியாது, ஆகவே இவ்வளவுதான் எழுத முடியும்.

வெள்ளைக்காரத் துரை திரும்பி வந்துவிட்டான். கொட்டகை மறுபடி ஓடப் போகிறது. பற்ற வைக்கும் வேலை எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பழைய கிராணிதான் இப்போதும் பெரிய கிராணி. அரிசி மூட்டை அந்த வருஷமே வண்டடித்து, பிறகு புழுத்து, மாவாகிவிட்டது. கடைசியில் ஆற்றில் கொட்டினேன்.

மன்னிப்பு கேட்டு எழுதவில்லை. கேட்டால் நீ பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பரஞ்சோதி


யான்
24.2.1946

தம்பி,

இரண்டரை வருஷம் கழித்து எழுதுகிறேன். உனக்காக எழுதவில்லை.

இங்கே எல்லாரும் என்னைத் தாலியைக் கழற்றச் சொல்கிறார்கள். நான் கழற்றவில்லை. சியாமிலிருந்து நடந்து வருகிறவர்கள் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள் என்கிறார்கள். எல்லை தாண்டினால் முதலில் பாலிங் மலைதான். அவருக்குச் சண்டை முடிந்தது தெரியுமோ தெரியாதோ. நான் யானில் இருப்பதும் அவருக்கு மறந்திருக்கலாம். காய்ச்சலில் மனிதருக்கு எல்லாம் மறந்துவிடும். பசி நேரத்தில் சோறு கிடைத்த இடம் மறக்காது. வந்தால் பகலில் வர மாட்டார். வாசலில் வந்து கூப்பிட மாட்டார். ஓசைப்படாமல் அந்தக் கொட்டகைக்குத்தான் வருவார்.

வர மாட்டார் என்று எனக்கும் தெரியும். நீ சரிபார்த்து எழுத வேண்டியதில்லை.

கொட்டகையைப் பற்ற வைக்கப் போகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்த வேலையை நீயே வாங்கிக்கொள். வேறு யாரிடமும் விடாதே. பற்ற வைக்கும் முன்னால், ஒவ்வொரு நாளும், உள்ளே போய் ஒவ்வொரு பரணாக ஏறிப் பார். மேல் பரண் வரை. கையால் தடவிப் பார்த்துவிட்டு இறங்கு. பிறகு பற்ற வை.

பிச்சை அண்ணனிடம் கருவாடு இரண்டு துண்டு கொடுத்தனுப்பியிருக்கிறேன். மாதா மாதம் வரும். உனக்கு இல்லை.

எங்கே வைக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காதே.

இராசாத்தி